நர்சிங் முடிச்சவங்களுக்கு: கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன்ல இருந்து வார்டு டியூட்டி வரைக்கும்

கோர்ஸ் முடிஞ்சு ரிசல்ட் வந்தாச்சு, சொந்தக்காரங்க எல்லாம் "எங்க புள்ள நர்ஸ் ஆயிட்டா"ன்னு சொல்லிக்கிட்டு இருப்பாங்க. சட்டப்படி பார்த்தா இன்னும் ஆகல. ஸ்டேட் கவுன்சில் ரிஜிஸ்டர்ல உங்க பேர் ஏறி நம்பர் விழுந்த அன்னைக்குத்தான் நர்ஸ், அதுவரைக்கும் நர்சிங் படிச்ச ஒருத்தர், அவ்ளோதான். அந்த நம்பர் ஆஸ்பத்திரிக்குச் சொந்தம் இல்ல, காலேஜுக்கும் இல்ல, உங்க ஒருத்தருக்கு மட்டும்தான் சொந்தம். நீங்க எந்த வார்டுல எந்த சார்ட்ல கையெழுத்து போட்டாலும் அந்த நம்பரோட பொறுப்புலதான் போடுறீங்க, இத மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

இது தமிழ்நாட்டுல ஏ.என்.எம் (துணை நர்ஸ், மிட்வைஃப் கோர்ஸ்), ஜி.என்.எம் (நர்சிங் டிப்ளமா), பி.எஸ்சி நர்சிங் முடிச்சு வெளிய வர்றவங்களுக்காக எழுதுறது. தம்பிங்களும் சேர்த்துதான், இப்போ ஐ.சி.யு.ல நெறைய பேர் பிரதர்ஸ்தானே, அதாவது ஆம்பள நர்ஸுங்க.

யார் யாரு, எதுக்கு எங்க போகணும்

மொதல்ல மூணு ஆபீஸ குழப்பிக்காதீங்க. பி.எஸ்சி படிச்சவங்களுக்கு பரீட்சை வெச்சு டிகிரி குடுக்கறது யூனிவர்சிட்டி, தமிழ்நாட்டுல பெரும்பாலும் கிண்டில இருக்கற டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகம். நாடு முழுக்க சிலபஸ் என்ன, எத்தன மணி நேரம் கிளினிக்கல், காலேஜ்ல என்னென்ன இருக்கணும்னு முடிவு பண்ணினது இந்தியன் நர்சிங் கவுன்சில், அது 1947 சட்டத்துல வந்தது. உங்க பேர ரிஜிஸ்டர்ல ஏத்தறது தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில், சென்னை மயிலாப்பூர்ல. நம்ம ஸ்டேட் சட்டம் 1926லயே வந்துடுச்சு, டெல்லி கவுன்சிலுக்கு முன்னாடியே நம்ம கவுன்சில் இருந்திருக்கு.

2023ல நேஷனல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கமிஷன் சட்டம் பார்லிமென்ட்ல பாஸ் ஆச்சு, அந்த 1947 சட்டத்துக்குப் பதிலா வர்றது. நேஷனல் கமிஷன், ஸ்டேட் கமிஷன்னு அமைப்போட பேரெல்லாம் மாறும். அதனால பழைய சீனியர் சொன்ன பேர்ல தேடிக் கெடைக்கலன்னா பயப்படாதீங்க, ஆபீஸ் போர்டு மாறினாலும் "ஸ்டேட் ரிஜிஸ்டர்ல பேர் இருக்கா"ங்கற கேள்வி மாறாது.

இன்னும் சேராதவங்க யாராவது படிச்சீங்கன்னா ஒண்ணே ஒண்ணு. ஆறு மாசம், ஒரு வருஷம் "நர்சிங் அசிஸ்டென்ட்", "ஹெல்த் அசிஸ்டென்ட்" அப்படின்னு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பேனர் வெச்சுருப்பாங்க, அதுல படிச்சா வேலை கெடைக்கலாம், ஆனா கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் கெடைக்காது. ஏ.என்.எம் 2 வருஷம், ஜி.என்.எம் 3 வருஷம், பி.எஸ்சி 4 வருஷம். இதுக்குக் கம்மியா யாராவது "நர்ஸ் ஆக்கிடுறேன்"னு சொன்னா நடைய கட்டுங்க. ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி காலேஜ் பேர் கவுன்சில் லிஸ்ட்ல இந்த வருஷத்துக்கு இருக்கான்னு பார்க்கணும், போன வருஷ லிஸ்ட் காமிச்சா ஒத்துக்காதீங்க.

ஸ்டெப் 1: பேர் விஷயம்

இதுக்குத்தான் நான் ரொம்ப நேரம் எடுத்துக்கப் போறேன், ஏன்னா புதுசா வர்றவங்க மாட்டிக்கறதுல முக்கால்வாசி இங்கதான்.

நம்ம ஊர்ல பேருக்கு முன்னாடி இனிஷியல் போடுவோம். பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்ல "கவிதா ஆர்", ஆதார்ல "ஆர். கவிதா", பாஸ்போர்ட்ல கிவன் நேம் "கவிதா", சர்நேம் "ராஜேந்திரன்", டிகிரி சர்ட்டிபிகேட்ல "கவிதா ராஜேந்திரன்", கல்யாணம் ஆனவுடனே பேங்க்ல மட்டும் "கவிதா முருகன்". நம்மள பொறுத்தவரைக்கும் எல்லாம் ஒரே கவிதாதான், ஆனா கம்ப்யூட்டருக்கும் வெளிநாட்டு போர்டுக்கும் இது அஞ்சு கவிதா. இங்க்லீஷ் ஸ்பெல்லிங்ல ஒரு எழுத்து கூடக்குறைய இருந்தாலே போதும், அப்ளிகேஷன நிறுத்தி வெச்சுடுவாங்க.

என்ன பண்ணணும்னா, அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடியே எல்லா பேப்பரையும் தரையில பரப்பி வெச்சு ஒண்ணொண்ணா பாருங்க. பேர், அப்பா பேர், பொறந்த தேதி, மூணும். பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்தான் அடிப்படை, மத்தது எல்லாம் அதுக்குத்தான் ஒத்துப் போகணும், ஏன்னா அத மாத்தறதுதான் ரொம்பக் கஷ்டம். ஆதார்ல தப்புன்னா இ-சேவை மையத்துல மாத்திடலாம், அது சின்ன வேலை. டிகிரி சர்ட்டிபிகேட்லயே தப்புன்னா காலேஜ் வழியா யூனிவர்சிட்டிக்கு எழுதணும், அது நாள் புடிக்கும், காலேஜ்ல இருக்கறப்பவே பண்ணிட்டா பாதி வேலை ஆபீஸ் கிளார்க்கே பண்ணிக் குடுத்துருவாரு, வெளிய வந்தப்புறம் அவரு உங்கள யாருன்னு கேப்பாரு. இனிஷியல் விரிச்சு எழுதினது மட்டும்தான் வித்தியாசம்னா "இந்த ரெண்டு பேரும் ஒரே ஆளோடதுதான்"னு நோட்டரிகிட்ட ஒரு அபிடவிட் வாங்கி வெச்சுக்கலாம், பல எடத்துல ஒத்துக்குவாங்க. பேரே மாறுதுன்னா கெசட்ல போடணும், வேற வழி இல்ல.

கல்யாணம் ஆனதும் பேர மாத்தணும்னு கட்டாயம் எதுவும் இல்லங்க. மாத்தறதுன்னா எல்லாத்துலயும் மாத்துங்க, இல்லன்னா எதுலயும் மாத்தாதீங்க. மாமியார் வீட்டுல கொஞ்சம் முனகுவாங்க, பரவால்ல.

ஸ்டெப் 2: அப்ளை பண்றது

கவுன்சில் வெப்சைட்ல ஆன்லைன்லதான் ஆரம்பிக்கும். ஃபீஸும் படிவமும் அப்பப்போ மாறும், அதனால அத அங்கேயே பார்த்துக்கோங்க, வாட்ஸ்அப்ல வர்ற ஃபார்வர்ட நம்பாதீங்க. பேப்பர்னு பார்த்தா 10, 12 மார்க் ஷீட், டி.சி, கோர்ஸ் மார்க் ஷீட் எல்லா வருஷத்தோடதும், ப்ரொவிஷனல் இல்லன்னா டிகிரி சர்ட்டிபிகேட், ஜி.என்.எம்னா டிப்ளமா, கோர்ஸ் முடிச்சதுக்கு காலேஜ் குடுக்கற சர்ட்டிபிகேட், ஆதார், போட்டோ. எல்லாத்தையும் நல்ல ஸ்கேனர்ல கலர்ல ஸ்கேன் பண்ணி மெயில்ல ஒரு காப்பி, பென்டிரைவ்ல ஒரு காப்பி வெச்சுக்கோங்க, போன்ல எடுத்த சாய்ஞ்ச போட்டோவ அப்லோட் பண்ணா திரும்பி வரும், அப்புறம் "ஆபீஸ்ல லேட் பண்றாங்க"ன்னு பொலம்பி பிரயோஜனம் இல்ல.

பி.எஸ்சி.காரங்களுக்கு ஒரு விஷயம். புது ரெகுலேஷன்படி ஒவ்வொரு பேப்பர்லயும் தியரி, பிராக்டிக்கல் ரெண்டுலயும் 80 சதவீதம் அட்டென்டன்ஸ் இருந்தாத்தான் பரீட்சை எழுத விடுவாங்க, ஆனா டிகிரி கைக்கு வரணும்னா கிளினிக்கல் 100 சதவீதம் முடிச்சிருக்கணும். பரீட்சை பாஸ் பண்ணிட்டு கிளினிக்கல் பாக்கி இருக்குன்னு சர்ட்டிபிகேட் நின்னுபோனவங்க இருக்காங்க. கடைசி செமஸ்டர்ல உக்காந்து கணக்கு போடாதீங்க, ஒவ்வொரு போஸ்டிங் முடியறப்பவே லாக் புக்ல கையெழுத்து வாங்கிடுங்க. போஸ்டிங் முடிஞ்சு மூணு மாசம் கழிச்சுப் போனா அந்த சிஸ்டர் டிரான்ஸ்ஃபர்ல போயிருப்பாங்க.

வேற ஸ்டேட்ல, பெங்களூர்லயோ ஆந்திராலயோ படிச்சவங்க மொதல்ல அந்த ஸ்டேட் கவுன்சில்ல ரிஜிஸ்டர் பண்ணணும், அப்புறம் அங்க இருந்து என்.ஓ.சி (ஆட்சேபணை இல்லன்னு குடுக்கற லெட்டர்) வாங்கி இங்க மாத்தணும். ரெண்டு கவுன்சிலும் லெட்டர் போட்டுக்கிட்டு வெரிஃபை பண்ணுவாங்க, நேரம் ஆகும், நடுவுல வேலைக்குச் சேர்றதுன்னா எச்.ஆர்.கிட்ட நிலவரத்த எழுத்துல சொல்லிட்டுச் சேருங்க.

ஸ்டெப் 3: சர்ட்டிபிகேட் வந்தப்புறம்

ஜி.என்.எம்மும் பி.எஸ்சி.யும் முடிச்சவங்களுக்கு ஆர்.என்., ஆர்.எம். ரெண்டும் சேர்த்து வரும், அதாவது நர்ஸ், மிட்வைஃப் (பிரசவம் பாக்கறவங்க) ரெண்டுக்கும் ரிஜிஸ்டர். ஏ.என்.எம்முக்குத் தனி ரிஜிஸ்டர். அப்புறம் போஸ்ட் பேசிக், எம்.எஸ்சி மாதிரி மேல்படிப்பு எதாவது முடிச்சா அதையும் அடிஷனல் குவாலிஃபிகேஷனா ஏத்திக்கணும், சும்மா வீட்டு பீரோல வெச்சா கணக்குல வராது.

இதோட நேஷனல் ரிஜிஸ்டருக்கு என்.யு.ஐ.டி நம்பரும் எடுக்கணும். அது ஆதாரோட லிங்க் ஆகுற ஒரு தனி நம்பர், நாடு முழுக்க நர்ஸ் யாரு, எங்க வேலை பாக்கறாங்கன்னு டிராக் பண்ற சிஸ்டம். இங்கதான் மறுபடி பேர் பிரச்சனை தலை தூக்கும், ஆதார்ல இருக்கறதும் கவுன்சில்ல இருக்கறதும் ஒத்து வரலன்னா நின்னுடும். மேல நான் ஏன் அவ்ளோ நேரம் பேசினேன்னு அப்போ புரியும்.

ஸ்டெப் 4: முதல் வேலை

இன்டர்வியூல கேக்கற கேள்விய விட நீங்க கேக்க வேண்டிய கேள்விங்க முக்கியம். எத்தன பெட்டுக்கு ஒரு நர்ஸ், நைட்ல எத்தன பேர், ப்ரீசெப்டர் (கூட இருந்து சொல்லிக் குடுக்கற சீனியர்) யாரு, எத்தன நாளுக்கு அப்புறம் தனியா பேஷண்ட் குடுப்பீங்க, இதெல்லாம் கேளுங்க. சம்பளம் மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க.

ஒரிஜினல் சர்ட்டிபிகேட்ட யாரு கேட்டாலும் குடுக்காதீங்க. வெரிஃபை பண்ண காட்டலாம், அட்டெஸ்ட் பண்ண காப்பி குடுக்கலாம், ஒரிஜினல உள்ள வெச்சுக்கிட்டு "பாண்டு (இத்தன நாள் இங்கேயே வேலை பார்ப்பேன்ங்கற ஒப்பந்தம்) முடிஞ்சதும் தர்றோம்"னு சொல்ற ஆஸ்பத்திரி இன்னும் இருக்கத்தான் செய்யுது. எனக்குத் தெரிஞ்ச ஒரு தங்கச்சிக்கு கவர்மென்ட் கவுன்சிலிங் தேதி வந்து, ஒரிஜினல் உள்ள மாட்டிக்கிட்டு, அப்பாவ கூட்டிட்டுப் போயி எச்.ஆர் ரூம் வாசல்ல ஒரு நாள் பூரா உக்காந்துதான் வாங்கினா. பாண்டுல கையெழுத்து போடறதுன்னாலும் முழுசா படிச்சு ஒரு காப்பி வாங்கிட்டுப் போடுங்க.

என்.ஏ.பி.எச் அக்ரெடிட்டேஷன் (ஆஸ்பத்திரி தரத்துக்குக் குடுக்கற அங்கீகாரம்) வாங்கின ஆஸ்பத்திரில கிரெடென்ஷியலிங், ப்ரிவிலேஜிங்னு ரெண்டு வார்த்தை காதுல விழும். மொதலாவது, உங்க ரிஜிஸ்ட்ரேஷன் நெசமான்னு கவுன்சில்ல கேட்டு உறுதி பண்றது. ரெண்டாவது, நீங்க எந்தெந்த வேலைய தனியா செய்யலாம், எத மேற்பார்வைல மட்டும் செய்யலாம்னு எழுதி வெக்கறது. வெண்டிலேட்டர் பேஷண்ட பார்க்க உங்களுக்கு ப்ரிவிலேஜ் குடுக்கலன்னா, நைட்ல ஆள் இல்லன்னு உங்கள ஐ.சி.யு.க்கு தள்ளினாலும் "எனக்கு அது சைன் ஆஃப் ஆகல, சீனியர் கூட இருந்தா பண்றேன்"னு சொல்லலாம். மரியாதையா சொல்லுங்க, ஆனா சொல்லுங்க. புதுசுல இத சொல்ல நாக்கு வராது, இன்சார்ஜ் சிஸ்டர் மொறைப்பாங்க, பரவால்ல.

சேர்ந்த முதல் மாசத்துலயே ஹெபடைட்டிஸ் பி ஊசி கணக்கப் பாருங்க. 0, 1, 6 மாசம்னு மூணு டோஸ், அப்புறம் டைட்டர் டெஸ்ட் (ஊசி வேலை செஞ்சிருக்கான்னு பாக்கற ரத்த டெஸ்ட்), 10க்கு மேல இருந்தா சரி. படிக்கறப்ப போட்டாங்கன்னு வாய்ல சொல்றது பத்தாது, கார்டு வேணும், வெளிநாடு போறப்பவும் இதக் கேப்பாங்க.

ஸ்டெப் 5: வார்டுல ஸ்டாண்டர்டுன்னா என்ன

காலேஜ்ல பத்து கோர் காம்பிடென்சின்னு மனப்பாடம் பண்ணியிருப்பீங்க: பேஷண்ட மையமா வெச்ச கேர், ப்ரொஃபஷனலிசம், டீம் வொர்க், சேஃப்டி, எவிடென்ஸ் பேஸ்டு பிராக்டிஸ் அப்படின்னு ஒரு லிஸ்ட், அது அமெரிக்கால மாசசூசெட்ஸ்ல 2010ல பண்ணினத வெச்சு நம்ம சிலபஸ்ல சேர்த்தது. வைவால சொல்றதுக்கு நல்லா இருக்கும். வார்டுல அது எப்படி இருக்கும்னு ஒரு இன்சுலின் டோஸ வெச்சுப் பார்ப்போம்.

நம்ம நாட்டுல வயல்ல வர்ற சாதாரண இன்சுலின் பெரும்பாலும் யு-40, அதாவது ஒரு எம்.எல்.ல 40 யூனிட். சில வயலும் பென் கார்ட்ரிட்ஜும் யு-100. சிரிஞ்சும் ரெண்டு வகை, செவப்பு மூடி யு-40க்கு, ஆரஞ்சு மூடி யு-100க்கு. ராத்திரி எட்டு மணிக்கு ட்ராலில செவப்பு மூடி மட்டும்தான் இருக்கு, கைல இருக்கறது யு-100 வயல், ஆர்டர் 10 யூனிட். நீங்க செவப்பு மூடி சிரிஞ்சுல 10 கோடு வரைக்கும் இழுத்தா அது கால் எம்.எல்., யு-100ல கால் எம்.எல்.னா 25 யூனிட். பேஷண்டுக்குப் போறது ரெண்டரை மடங்கு. விடிகாலை மூணு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து பேச்சு கொழறும், அப்போ குளுக்கோமீட்டர தேடிட்டு ஓடுவோம். தலைகீழா நடந்தா, யு-40 வயல யு-100 சிரிஞ்சுல எடுத்தா, 10க்குப் பதிலா 4 யூனிட்தான் போகும், சுகர் ஏன் எறங்கலன்னு டாக்டர் டோஸ ஏத்துவாரு.

இதுல கணக்கு தெரிஞ்சா போதும்னு நெனைக்காதீங்க. வயல் லேபிள படிக்கறது, சிரிஞ்சு மூடி கலர பார்க்கறது, இன்னொரு சிஸ்டர்கிட்ட காட்டி அவங்களா தனியா படிச்சு சொல்ல வெக்கறது, சரியான சிரிஞ்சு இல்லன்னா "இருக்கறத வெச்சு அட்ஜஸ்ட் பண்ணு"ங்கறதுக்கு ஒத்துக்காம ஃபார்மசிக்கு போன் பண்றது, போட்டவுடனே நேரம் போட்டு கையெழுத்து போடறது. காம்பிடென்சிங்கறது இதுதான். பொட்டாசியம் குளோரைடும் இதே மாதிரிதான், 10 எம்.எல். ஆம்பூல்ல 20 மில்லிஈக்விவலன்ட் இருக்கு, அத டைல்யூட் பண்ணாம நேரா வெயின்ல தள்ளினா இதயம் நின்னுடும், சலைன் ஆம்பூல் பக்கத்துல அத வெக்கற பழக்கம் உங்க வார்டுல இருந்தா மொத நாளே இன்சார்ஜ்கிட்ட சொல்லி எடத்த மாத்துங்க.

அடுத்தது எழுதறது. எந்த வார்டுக்கு வேணா போயி வைட்டல்ஸ் சார்ட்ட பாருங்க, ரெஸ்பிரேஷன் எல்லாருக்கும் 20. நிமோனியா பேஷண்டுக்கும் 20, நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆகப் போறவருக்கும் 20. யாரும் எண்ணல, அதுதான் அர்த்தம். ஆனா பேஷண்ட் மோசமாகப் போறார்னா மொதல்ல மாறுறது பெரும்பாலும் அந்த ரெஸ்பிரேஷன்தான், பி.பி எறங்கறது அப்புறம்தான். முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க, 26 இருந்தா 26னு எழுதி டாக்டருக்குச் சொல்லுங்க, சொன்ன நேரத்தையும் எழுதுங்க.

மருந்து குடுக்கறதுக்கு முன்னாடியே டிக் போடறது, டியூட்டி ஆரம்பத்துலயே மதியம் ரெண்டு மணி என்ட்ரிய எழுதி வெக்கறது, இதெல்லாம் சீனியர் சொன்னாலும் பண்ணாதீங்க. தப்பா எழுதிட்டா ஒரே கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல இனிஷியல், நேரம். வைட்னர் கூடவே கூடாது, வைட்னர் போட்ட சார்ட் கோர்ட்டுக்குப் போனா எதையோ மறைச்ச மாதிரிதான் பார்ப்பாங்க. போன்ல டாக்டர் ஆர்டர் சொன்னா எழுதி, திருப்பி அவருக்கே படிச்சு காமிச்சு, அவரு ஆமான்னு சொன்னப்புறம் குடுங்க, ரவுண்ட்ஸ் வர்றப்போ கையெழுத்து வாங்குங்க. சில டாக்டருங்க "என்ன சிஸ்டர் என்னய நம்ப மாட்டீங்களா"ன்னு கேப்பாங்க, சிரிச்சுக்கிட்டே "ஆஸ்பத்திரி ரூல் சார்"னு சொல்லிட்டு படிங்க.

பேஷண்ட் பேர கூப்பிட்டு "நீங்கதானே லட்சுமி"ன்னு கேட்டா காது கேக்காத பாட்டி தலைய ஆட்டும். "உங்க பேர் என்னம்மா"ன்னு கேட்டு, கை பட்டைல இருக்கற ஐ.பி (உள்நோயாளி) நம்பரையும் பாருங்க. ஒரு வார்டுல மூணு லட்சுமி இருக்கறதெல்லாம் நம்ம ஊர்ல சாதாரணம், பெட் நம்பர வெச்சு ஆள அடையாளம் புடிக்கற பழக்கம் வேண்டாம், பெட் மாத்திட்டே இருப்பாங்க.

ஊசி குத்திடுச்சுன்னா: சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவுங்க, அமுக்கிப் பிழியாதீங்க, ஒடனே ரிப்போர்ட் பண்ணுங்க. எச்.ஐ.வி.க்கு பி.இ.பி (தொத்தாம தடுக்கற) மருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லது, 72 மணி நேரம் தாண்டினா பிரயோஜனம் இல்ல. வெக்கப்பட்டு, இன்சார்ஜ் திட்டுவாங்கன்னு மறைக்கறவங்கதான் அதிகம். ரிப்போர்ட்ல இருந்தாத்தான் நாளைக்கு எதாவது ஆனா டியூட்டில ஆச்சுன்னு நிரூபிக்க முடியும். நீடில் வெள்ளை டப்பால, ஐ.வி செட்டும் கிளவுஸும் செவப்புல, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள்ல, கண்ணாடி வயல் நீலத்துல, இது 2016 ரூல்ஸ், மூடி போட ட்ரை பண்றப்போதான் நெறைய பேருக்குக் குத்துது, அதனால ரீகேப் பண்ணவே பண்ணாதீங்க.

போன் விஷயம் ஒண்ணு சொல்லிடுறேன். லேபர் ரூம்ல பொறந்த கொழந்தையோட செல்ஃபி, ஐ.சி.யு.ல ரீல்ஸ், வேண்டவே வேண்டாம். பேஷண்டோட ரகசியத்த காக்கறது கவுன்சில் நடத்தை விதில தெளிவா இருக்கு, மொகம் தெரியலன்னாலும் கேஸ் ஷீட்டு பின்னாடி தெரியும்.

ஸ்டெப் 6: ரெனியூவல்

ரிஜிஸ்ட்ரேஷன் ஒரு தடவ வாங்கினா ஆயுசுக்கும் செல்லும்னு பழைய ஆளுங்க நெனைச்சுக்கிட்டு இருக்காங்க. 5 வருஷத்துக்கு ஒரு தடவ ரெனியூ பண்ணணும், அதுக்கு 150 மணி நேரம் சி.என்.இ (வேலைல இருக்கறப்பவே எடுக்கற தொடர் பயிற்சி) காட்டணும்னு இந்தியன் நர்சிங் கவுன்சில் சொல்லுது, வருஷத்துக்கு 30 மணி நேரம் மாதிரி வருது. கவுன்சில் அங்கீகாரம் இருக்கற ப்ரோக்ராமா, சர்ட்டிபிகேட்ல எத்தன மணி நேரம்னு போட்டிருக்கான்னு பார்த்துட்டு சேருங்க. சாப்பாடு போட்டு பேக் குடுக்கற கான்ஃபரன்ஸ் எல்லாம் கணக்குல வராது. பி.எல்.எஸ், ஏ.சி.எல்.எஸ் (அவசரத்துல உயிர் காக்கற பயிற்சி) கார்டு 2 வருஷம்தான் செல்லும், அத ஆஸ்பத்திரி செலவுலயே போட முடியுமான்னு கேட்டுப் பாருங்க, பெரிய ஆஸ்பத்திரில பண்ணிக் குடுப்பாங்க.

ஸ்டெப் 7: கவர்மென்ட் வேலை

தமிழ்நாடு அரசு ஆஸ்பத்திரிக்கு எம்.ஆர்.பி. (மெடிக்கல் சர்வீசஸ் ரெக்ரூட்மென்ட் போர்டு) தான் ஆள் எடுக்குது, 2012ல அந்த போர்ட ஆரம்பிச்சாங்க. நோட்டிபிகேஷன்ல சொன்ன தேதிக்குள்ள உங்க பேர் கவுன்சில்ல ஏறியிருக்கணும், அப்ளை பண்ணி வெச்சிருக்கேன்னு சொன்னா எடுக்க மாட்டாங்க. ஆரம்பத்துல தொகுப்பூதியம், நிரந்தரம் ஆகறதுக்கு பல வருஷம் காத்திருந்தவங்க நெறைய, அதுக்காக 2017ல சென்னை டி.எம்.எஸ் வளாகத்துல நடந்த போராட்டம் எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சே சேருங்க.

எய்ம்ஸுக்கு நார்செட் பரீட்சை. பி.எஸ்சி.க்கு எக்ஸ்பீரியன்ஸ் வேண்டாம், ஜி.என்.எம்முக்கு குறைஞ்சது 50 பெட் ஆஸ்பத்திரில 2 வருஷம் வேணும். அதனால எந்த ஆஸ்பத்திரிய விட்டு வந்தாலும் எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட்ல சேர்ந்த தேதி, விட்ட தேதி, எந்த வார்டு, ஃபுல் டைமா, மொத்தம் எத்தன பெட்னு எழுதி வாங்குங்க. "சிறப்பாகப் பணியாற்றினார்"னு ரெண்டு வரில குடுத்தா திருப்பிக் குடுத்து மறுபடி அடிக்கச் சொல்லுங்க, அந்த ரெண்டு வரிய யாரும் படிக்க மாட்டாங்க.

ஸ்டெப் 8: வெளிநாடு

எந்த நாடா இருந்தாலும் இங்க இருந்து போற பேப்பர் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கவுன்சில் குடுக்கற குட் ஸ்டாண்டிங் சர்ட்டிபிகேட், உங்க மேல எந்த நடவடிக்கையும் இல்ல, ரிஜிஸ்ட்ரேஷன் நடப்புல இருக்குன்னு சொல்றது, பல நாட்டுக்கு அத கவுன்சிலே நேரா அனுப்பணும். ரெனியூ பண்ணாம விட்டவங்க இங்கதான் மாட்டுவாங்க. அப்புறம் தியரி, கிளினிக்கல் மணி நேரம் போட்ட ட்ரான்ஸ்கிரிப்ட்.

கல்ஃபுக்கு டேட்டாஃப்ளோ (உங்க சர்ட்டிபிகேட் நெசமான்னு விசாரிக்கற கம்பெனி) வெரிஃபிகேஷன், அப்புறம் எல்லாரும் பொதுவா ப்ராமெட்ரிக்னு சொல்ற லைசென்ஸ் பரீட்சை. டேட்டாஃப்ளோல உங்க பழைய ஆஸ்பத்திரிக்கு மெயில் போட்டு "இவங்க இங்க வேலை பாத்தாங்களா"ன்னு கேப்பாங்க, எச்.ஆர் பதில் போடலன்னா ரிப்போர்ட் தொங்கும். வேலைய விடறப்போ சண்ட போட்டுட்டு போகாதீங்கன்னு சீனியருங்க சொல்றது இதுக்குத்தான். போலி எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட் வெச்சா நெகட்டிவ் வரும், அது உங்க பேர்லயே நிக்கும், ஏஜென்ட் "நான் பாத்துக்கறேன்"னு சொன்னாலும் மாட்டறது நீங்கதான்.

யு.கே.வுக்கு ஐ.இ.எல்.டி.எஸ் இங்க்லீஷ் பரீட்சைல லிஸனிங், ரீடிங், ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6.5. இல்லன்னா ஓ.இ.டி.ல (மருத்துவ வேலைக்காரங்களுக்கான இங்க்லீஷ் பரீட்சை) மூணுல பி, ரைட்டிங்ல சி பிளஸ். என்னக் கேட்டா ஓ.இ.டி தான் நம்மளுக்கு லேசு, டிஸ்சார்ஜ் லெட்டர் எழுதறது தெனமும் பாக்கற விஷயம்தானே. அப்புறம் இங்கேயே கம்ப்யூட்டர்ல எழுதுற சி.பி.டி, அங்க போயி பத்து ஸ்டேஷன் ஆஸ்கி (செஞ்சு காட்டற பிராக்டிக்கல் பரீட்சை), அதுக்கப்புறம் பின் நம்பர், அதாவது அந்த ஊர் ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர். ஆஸ்கில வேகமா ஊசி போடறதுக்கு மார்க் இல்ல, பேஷண்ட்கிட்ட உங்க பேர சொல்லி, என்ன பண்ணப் போறேன்னு சொல்லி, சம்மதம் கேட்டு, அலர்ஜி கேட்டுத்தான் தொடணும், நம்ம ஊர்ல திரைய இழுத்து நேரா கைய புடிக்கற பழக்கத்துல அங்க ஃபெயில் ஆனவங்க இருக்காங்க. அமெரிக்காவுக்கு என்க்ளெக்ஸ்ங்கற லைசென்ஸ் பரீட்சை, 2023 ஏப்ரல்ல இருந்து கேஸ் ஸ்டடி மாடல் சேர்த்துட்டாங்க, பழைய கேள்வி பேங்க் புக்க அரை வெலைக்கு வாங்காதீங்க. ஜெர்மனிக்கு பாஷைதான் மலை, ஜெர்மன் பாஷைய பி2 லெவல் வரைக்கும் படிக்கணும்.

ஏஜென்ட் விஷயம் கடைசியா. கல்ஃப், மலேசியா மாதிரி எமிக்ரேஷன் கிளியரன்ஸ் (வெளிநாட்டு வேலைக்குப் போக நம்ம அரசு குடுக்கற அனுமதி) வேண்டிய நாடுகளுக்கு நர்சுங்கள எடுக்கறதுல 2015லயே மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டு வந்து அரசு ஏஜென்சி வழியா போகச் சொன்னாங்க, நம்ம ஸ்டேட்டுக்கு அது 1978ல ஆரம்பிச்ச ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன், தமிழ்நாடு அரசோடது. அங்க பேர் பதிஞ்சு வெச்சுடுங்க, ஜெர்மனி, யு.கே.வுக்கும் அப்பப்போ ஆள் எடுக்கறாங்க. பிரைவேட் ஏஜென்ட்னா மத்திய அரசோட இ-மைக்ரேட் போர்ட்டல்ல அவங்க லைசென்ஸ் நம்பர் உயிரோட இருக்கான்னு தேடிப் பாருங்க. சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து, அதுக்கு மேல வாங்கக் கூடாது. ரெண்டு லட்சம், அஞ்சு லட்சம்னு கேட்டா, ரசீதும் தர மாட்டேன்னு சொன்னா, எந்திரிச்சு வந்துடுங்க, அந்தக் காசுக்கு ஓ.இ.டி.ய ரெண்டு மூணு தடவயே எழுதிடலாம்.